நாலரை மணி நேரம் பின்னால்

அத்தியாயம் ஐந்து

ஏழு சவப்பெட்டிகளை அடக்கம் செய்தார்கள். அவற்றில் இரண்டு வெறும் பெட்டிகள். உள்ளே இருக்க வேண்டியவர்களை மலை இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆனைப்பாறைத் தோட்டத்தின் ஐந்தாம் நம்பர் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடத்தில், உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் தோலை உரித்தெடுத்த மாதிரிச் செம்மண் கிடந்தது. டிக்கோயாவிலிருந்து மேலேறி வந்த ஆட்டோவின் பின் இருக்கையில் இருந்து கேதீஸ்வரி அதைப் பார்த்தாள். மண்ணுக்கு நடுவே ஒரு தகரக் கதவு மட்டும் சட்டத்தோடு நிமிர்ந்து நின்றது. பூட்டுத் தொங்கியது.

"பூட்டிட்டுத்தான் வெளிய போயிருக்காங்க மேடம்," என்றான் வைரவன், ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே. "களவாணி வராம காக்கிற பூட்டு. மலை வர்றதுக்கு என்னத்த செய்யும்?"

வழக்கமாக அவன் ஒன்று சொன்னால் கேதீஸ்வரி சிரிக்காமல் இருப்பதற்குப் பாடுபட வேண்டியிருக்கும். இன்றைக்கு அந்தப் பாடு இல்லை.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. ஹட்டனில் பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு, கரும்பலகை சலித்துப்போய், பஜாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். வைரவன் அவளுக்குச் சாரதி, உதவியாளன், வாடகை கேட்டு வருபவரிடம் பொய் சொல்லும் ஆள், எல்லாம்.

மணி ஒன்பதே கால். பிற்பகல் இரண்டு மணிக்கு நீதவான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கே வருகிறார். அங்கே பொலிஸ் காவலில் படுத்திருக்கும் கஜேந்திரன், ஏழு பேர் சாவுக்கும் தானே காரணம் என்று வாக்குமூலம் கொடுக்கப் போகிறான்.

இதே தோட்டத்துப் பையன். கணினி படித்துவிட்டுத் திரும்பி வந்தவன். மலைச்சரிவில் ஒரு மழைமானியும், மண் வெடிப்பு விரிகிறதா என்று பார்க்கும் ஒரு கம்பிமானியும் நட்டு, தொழிற்சாலை ஆபீசில் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றோடு அவற்றை இணைத்தவன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டி அளவெடுக்கும். மழை கூடினால் 'எச்சரிக்கை' என்று ஒரு வரி எழுதும். குட்டைச் சைரன் அடிக்கும். வெடிப்பு விரிந்தால் 'அபாயம்' என்று எழுதும். நெட்டைச் சைரன் விடாமல் ஊளையிடும். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெடிப்பு விரிந்து, மூன்று நாற்பதுக்கு மலை இறங்கியது. எந்தச் சைரனும் அடிக்கவில்லை. செத்த ஏழு பேரில் கஜேந்திரனின் அம்மா வீரம்மாவும் ஒருத்தி. வெறுங்கையால் மண்ணைத் தோண்டியதில் அவனுடைய மூன்று விரல்கள் முறிந்திருந்தன.

அவனுடைய அக்கா ரூபிகா நேற்று அந்த மேல்மாடிக்கு ஏறி வந்து சொன்ன ஒரு வாசகம்தான் கேதீஸ்வரியை இங்கே கொண்டுவந்தது.

"தம்பி தப்பு செஞ்சா எந்த வரியில செஞ்சேன்னு சொல்லுவான் மேடம். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். இந்தத் தடவ எந்த வரின்னு கேட்டா, மூஞ்சத் திருப்பிக்கிறான்."

*

தொழிற்சாலை ஆபீசில் சுதர்ஷினி மட்டும் இருந்தாள். தோட்டத்தின் கணினி கிளாக்கர். இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை. அவளுடைய அப்பாவும் அந்த ஏழு பேரில் ஒருவர்.

"பெட்டிய பொலிஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள். "அது எழுதின வரியெல்லாம் இந்தக் கம்பியூட்டர்லயும் ஒரு நகல் விழும். வேணும்னா அச்சடிச்சுத் தாறேன்."

தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கேதீஸ்வரி மேசையில் அவற்றை வரிசையாகப் பரப்பினாள். கொழும்பிலிருந்து வந்த நிபுணரின் அறிக்கையும் அவள் பையில் இருந்தது. புரோகிராமில் பிழை எதுவும் தென்படவில்லை. ஆயினும் அபாய வரி வரவில்லை. பெட்டியின் கடிகாரமும் பழுது. ஆகவே எழுதியவரே பொறுப்பு. ஒன்றரைப் பக்கம், அவ்வளவுதான்.

"புரோகிராம் சரியாம், ஆனா வேலை செய்யலியாம்," என்றான் வைரவன். "எங்க மாமா வைத்தியரு இப்பிடித்தான் சொல்லுவாரு. வைத்தியம் சரி, ஆளு செத்துட்டான்."

"புரோகிராமுக்குள்ள தேடினால் ஒண்டும் கிடைக்காது வைரவன். சைரனுக்குப் போற வரியளை எழுதுறதுக்கு இந்தப் பெடியன் வேற ஆக்கள் முன்னமே எழுதி வைச்ச புரோகிராம் துண்டுகளின்ர ஒரு நூலகத்தைப் பாவிச்சிருக்கிறான்."

"நூலகம்னா சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருப்பாங்களே மேடம்."

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் கேதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதேதான். ஆரோ அந்த போர்டை வைச்சிருக்கினம்."

நேற்று இரவு முழுக்க அந்த நூலகத்தின் கையேட்டை அவள் படித்திருந்தாள். மழை அளவுகளை அது எப்போதும் எழுதும். ஆனால் எந்தச் சைரன் வரியை வெளியே விடுவது, எதை விழுங்குவது, எந்த மொழியில் தேதி போடுவது, எந்த ஊர் நேரத்தைப் போடுவது என்பதையெல்லாம் அந்த நூலகம் புரோகிராமைக் கேட்காது. சூழல் மாறியைக் கேட்கும். புரோகிராமுக்கு வெளியே, அது ஓடுகிற இயந்திரத்தின் காதில் சொல்லி வைக்கிற ஒரு சொல். எழும்பும்போது நூலகம் அந்தச் சொல்லைப் பார்த்து நடந்துகொள்ளும். தானாக எழும்பினால், பெட்டியின் சொந்தச் சூழல். ஒருவர் தன் கணினியிலிருந்து கையால் எழுப்பினால், அவருடைய கணினியின் மொழியும் நேரமும் அந்தச் சூழலில் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பெட்டியை அணைத்துப் போட்டால் எல்லாம் காற்றோடு போய்விடும்.

வைரவன் தலையைச் சொறிந்தான். "சமையக்காரன்ட்ட ஒண்ணும் சொல்லாம, அடுப்படிக் கதவுல 'இன்னைக்கு உப்பு வேணாம்'னு சீட்டு ஒட்டுற மாதிரி. கறியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா சீட்டு கெடைக்குமா?"

"கிடைக்காது. ஆனால் சீட்டு ஒட்டினவரின்ர கைநாட்டு கறியில விழுந்திருக்கும். இஞ்ச பாரும்."

செப்டம்பர் ஐந்து வரைக்கும் தேதிகளெல்லாம் ஆங்கிலத்தில். ஆறாம் திகதி காலை எட்டு மணிக்குப் புரோகிராம் நின்று, மீண்டும் எழும்பியிருந்தது. அந்த வரியிலிருந்து மாதத்தின் பெயர் 'செப்.' என்று தமிழில். எச்சரிக்கை என்ற வார்த்தை அதற்குப் பிறகு ஓரிடத்திலும் இல்லை. மழை அளவு தொண்ணூறு மில்லிமீற்றரைத் தொட்ட நாட்களில்கூட இல்லை.

கேதீஸ்வரி தலை நிமிர்த்தி, சுதர்ஷினியின் மேசையில் இருந்த கணினித் திரையைப் பார்த்தாள். மூலையில் இருந்த தேதி தமிழில் இருந்தது.

சுதர்ஷினியும் அந்தத் தேதியைப் பார்த்தாள்.

"நாந்தான் மேடம்," என்றாள் சுதர்ஷினி.

அழவில்லை. அழுது முடித்த குரல்.

"அப்பாவுக்குப் பக்கவாதம். எந்திரிக்க ஏலாது. மழை வந்தா குட்டைச் சைரன். வாரத்துக்கு மூணு தடவ, நாலு தடவ. ஒவ்வொரு தடவையும் கம்பளியில போட்டு நாலு பேரு தூக்கிட்டு ஸ்கூலுக்கு எறங்கணும். ஆகஸ்ட் கடைசியில படியில வழுக்கி, கீழ போட்டுட்டோம். இடுப்பு முறிஞ்சிருச்சு. 'அந்தச் சத்தத்த நிப்பாட்டிரு புள்ள, நான் கெடந்தே சாவுறேன்'னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பெட்டிக்குப் பக்கத்துல கஜன் ஒட்டின ஒரு தாள் இருந்துச்சு. எல்லாம், அபாயம் மட்டும், மௌனம்னு மூணு சொல்லு. அதுல ஒண்ணத்தான் அடிச்சேன்."

"கஜேந்திரனுக்குத் தெரியுமோ?"

"திங்கக்கெழமை காலைல அவரு ஆபீசுக்கு வந்தாரு. கையெல்லாம் ரத்தம். பெட்டியத் தொறந்து பாத்தாரு. என்னப் பாத்தாரு. 'நீ தொட்டியா?'ன்னு கேட்டாரு. 'ஆமா, கொறைச்சேன்'னேன். அவ்வளவுதான். பெட்டிய அணைச்சு மறுபடி போட்டாரு. பொலிஸ் வந்தப்ப, 'எம் புரோகிராம் பிழை'ன்னு சொல்லிட்டாரு." அவள் கைகளைப் பிசைந்தாள். "தையில எங்களுக்குக் கல்யாணம் பேசியிருந்துச்சு. ரெண்டு மணிக்கு முன்னாடி நானே பொலிசுக்குப் போறதாத்தான் இருந்தேன். எங்க அப்பாவ நானே கொன்னுட்டேன் மேடம். அவுங்க அம்மாவையும்."

வைரவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒருவனைக் காப்பாற்ற வந்து இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுப்பதா? பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடை கிடைத்தால் அதை மறுபடி கேள்விக்குள் போட்டுப் பார்ப்பாள். அந்தப் பழக்கம்தான் அவளைத் தாளின் பக்கம் திருப்பியது.

"பிள்ளை, மூண்டு சொல்லில நீர் எந்தச் சொல்லை அடிச்சனீர்?"

சுதர்ஷினி விழித்தாள். இந்த ஐந்து நாளில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"அபாயம் மட்டும்னு. குட்டைச் சைரன் மட்டுந்தான் வேணாம்னு நெனச்சேன். ஆனா தப்பா அடிச்சிருப்பேன் மேடம். இல்லாட்டி ஞாயித்துக்கெழமை..."

"தப்பா அடிக்கேல்லை." கேதீஸ்வரியின் விரல் ஒரு வரியில் நின்றது. "அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. மாதம் தமிழில கிடக்குது. அதுக்குப் பக்கத்தில என்ன எழுதிக் கிடக்குது, வாசியும்."

சுதர்ஷினி குனிந்து வாசித்தாள். "அபாயம்."

"சனிக்கிழமை சைரன் அடிச்சதோ?"

"அடிச்சுச்சு. எல்லாரும் ஓடினோம். ஒரு மணி நேரத்துல வெடிப்பு நின்னுருச்சுன்னு திரும்பி வந்தோம்."

"அப்ப உம்முடைய சீட்டு அபாயத்தை மறிக்கேல்லை. சனிக்கிழமை ஊளையிட்ட சைரன் ஞாயிற்றுக்கிழமை ஊமையாகினது எப்பிடி? ஞாயிறு காலமை நீர் எங்க நிண்டனீர்?"

"அப்பாவுக்கு மருந்து வாங்க டிக்கோயாவுக்குப் போனேன். ஆபீசு பூட்டித்தான் இருந்துச்சு."

கடைசித் தாளைக் கேதீஸ்வரி இழுத்தாள். ஞாயிறு காலை பத்து முப்பதுக்கு ஒரு மழை அளவு. பத்து நிமிடம் கழித்துப் பத்து நாற்பதுக்கு அடுத்தது வர வேண்டும். ஆனால் தாளில் ஆறு பத்து என்றிருந்தது. புரோகிராம் நின்று எழும்பிய வரி. மாதம் மறுபடி ஆங்கிலத்தில். பிறகு ஆறு இருபது, ஆறு முப்பது என்று போய், கம்பி அறுந்த கடைசி வரி பதினொன்று பத்தில் நின்றது. ஊரார் எல்லாருடைய கைபேசியிலும் மலை இறங்கிய நேரம் மூன்று நாற்பது.

"நிபுணர் சொன்னாரே, கடிகாரம் பழுதுன்னு," என்றான் வைரவன், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. "பெட்டி தன் நேரத்த மறந்து சைபர் நேரத்துக்கு, அதான் அந்த கிரீன்விச் நேரத்துக்கு, போயிருச்சாம்."

"சைபர் நேரத்துக்குப் போனால் அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்குப் போக வேணும். இது நாலரை. பத்து நாற்பதிலயும் நாலரை, மூண்டு நாற்பதிலயும் நாலரை. திங்கட்கிழமை கஜேந்திரன் அணைச்சுப் போட்ட உடனே நேரம் சரி. பழுதாப் போன கடிகாரம் இவ்வளவு ஒழுங்கா நடக்காது வைரவன். இது வேற ஊரின்ர நேரம்."

"எந்த ஊரு?"

"அக்டோபர் முடியுமட்டும் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால இருக்கிற ஊர். கோடையில கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைக்கிற ஊர்." அவள் தாள்களை அடுக்கினாள். "சுதர்ஷினி, இந்தப் பெட்டியோட வெளியில இருந்து பேச ஆருக்கு வழி இருக்குது?"

"எனக்கு. கஜனுக்கு." அவள் ஜன்னலுக்கு வெளியே மேட்டைக் காட்டினாள். "பெரிய துரை பங்களாவுக்கு."

*

தோட்ட மேலாளரான பெரிய துரை தரணிதரன், கேதீஸ்வரியையும் மற்றவர்களையும் முன் வராந்தாவில் வைத்தே வரவேற்றார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பது வயது. ஞாயிறு முதல் ஒழுங்காக உறங்காத கண்கள். அவர்களோடு வந்த இன்ஸ்பெக்டர் விஜேரத்ன தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். அரை மணி நேரம் மட்டும் தாருங்கள் என்று கேதீஸ்வரி தொலைபேசியில் சிங்களத்தில் கேட்டிருந்தாள். அவர் முனகிக்கொண்டே சம்மதித்திருந்தார்.

"அந்தப் பிள்ளையின் நிலைமை எனக்கும் கவலைதான்," என்றார் துரை. "நிர்வாகம் ஒரு வக்கீலை வைத்துக் கொடுக்கும்."

"பெரிய மனசு சேர்," என்றாள் கேதீஸ்வரி. "ஞாயிற்றுக்கிழமை உங்களிட்ட விருந்தாளியள் வந்திருந்தவையாம்?"

"லண்டனிலிருந்து நான்கு பேர். தேயிலை வாங்குபவர்கள். அதற்கென்ன?"

"சனிக்கிழமை சைரன் அவையளைப் பயப்படுத்தியிருக்கும்."

துரை பதில் சொல்வதற்குள் வைரவன் தொண்டையைச் செருமினான். "துரை, மன்னிச்சுக்குங்க. நம்ம போனு செத்துப் போச்சு. ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில நிக்கணும். மணி என்னாங்க?"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்று முப்பத்தைந்து."

"அந்த லெப்டொப்புலயும் அதே மணிதானுங்களா?"

மேசையில் லெப்டொப் திறந்தபடி இருந்தது. துரையின் கை அதை மூட நீண்டது. அவருக்கு விளங்கித்தான் நீண்டதா, பழக்கத்தில் நீண்டதா என்று கேதீஸ்வரிக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அதற்குள் இன்ஸ்பெக்டர் எழுந்து, திரையைத் தன் பக்கம் திருப்பியிருந்தார்.

திரையின் மூலையில் ஏழு ஐந்து.

"என் மகள் லண்டனில் படிக்கிறாள்," என்றார் துரை. "அவளோடு பேசுவதற்காக அந்த நேரத்தையே வைத்திருக்கிறேன். அது குற்றமா?"

"இல்லை சேர்." கேதீஸ்வரி கடைசித் தாளை மேசையில் வைத்தாள். "இதிலயிருந்து நீங்கள் பெட்டிக்கு அனுப்பின 'மௌனம்' எண்ட ஒரு சொல்லுத்தான் குற்றம். அந்தச் சொல்லைப் பெட்டி மறந்திட்டுது. உங்கடை மகளின்ர நேரத்தை மறக்கேல்லை."

இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து, கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

துரை நாற்காலியில் சாய்ந்தார். "மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான்," என்றார். "அவர்கள் போனதும் பழையபடி போட்டுவிடலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லையே. பிறகு பேச்சுச் சுவாரசியத்தில்... மறந்துவிட்டது."

"திங்கக்கெழமை ஞாபகம் வந்திருக்குமே துரை," என்றான் வைரவன். அவன் குரலில் பகிடி இல்லை. "அவனுக்கு வெலங்கு போட்டப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

*

ஒன்றரை மணிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியின் எட்டாம் வார்டில், கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கஜேந்திரன் எல்லாவற்றையும் கேட்டான். நீதவான் இனி வேறொரு வாக்குமூலத்துக்காக வருவார் என்று கேதீஸ்வரி சொன்னபோதும் அவன் முகம் மாறவில்லை. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் கட்டிலை விட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

"மேடம், பெட்டியத் தொறந்தப்ப 'மௌனம்'னு கெடந்துச்சு," என்றான் அவன். "மேல தமிழ்ல மாசம். கடைசி வரி வரைக்கும் நான் போகல. போக முடியல. அம்மாவ அப்பத்தான் எடுத்திருந்தாங்க."

"ஆரைச் சந்தேகப்பட்டீர் எண்டு கேக்கேல்லை. அவவைக் காப்பாத்தத்தானே பெட்டியை அணைச்சனீர்?"

அவன் தலையசைத்தான்.

வார்டின் வாசலில் நின்ற சுதர்ஷினி அப்போதுதான் உள்ளே வந்தாள். கட்டிலருகில் இருந்த ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே அவனைப் பார்த்தாள்.

"எது வரைக்கும் கொறைச்சேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கஜன்."

"சுதா..."

"அஞ்சு நாளு. எங்கப்பாவ நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டு தடவ காசல்ரீ அணைக்கட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். நீங்க என்னக் காப்பாத்தல. நாந்தான் கொன்னேன்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் மன்னிச்சீங்க."

கஜேந்திரன் கட்டுப் போட்ட கையை அவள் பக்கமாக நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"அப்பா பெட்டியில வெறும் வேட்டி மட்டுந்தான் இருக்கு," என்றாள். "இன்னைக்கும் தோண்டுறாங்க. நான் போறேன்."

அவள் வார்டைக் கடந்து, படியிறங்கி, மழைக்குள் நடந்தாள். வைரவன் கேதீஸ்வரியைப் பார்த்தான். அவள் தலையை அசைக்க, ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு சுதர்ஷினியின் பின்னால் ஓடினான்.